ஐஸ்லாந்துக்காரியின் முதுகு

ஐஸ்லாந்து கிடைத்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வந்ததில்லை.

நாடு பிடிக்கிற ஆள் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். நான் பல் செட் செய்கிற ஆள். இந்த ஊரில் பாதிப் பேர் மெல்லுவதும் மீதிப் பேர் சிரிப்பதும் என் கைவேலை. பகலெல்லாம் பல். சாயங்காலமானால் பொம்மை. விரல் உயரப் பொம்மைகள். மரத்தில் உடம்பு, துணியில் உடுப்பு, காலுக்குக் கீழே ஒரு வட்டத் தட்டு, தட்டின் அடியில் நாட்டின் பெயர் ஒட்டிய காகிதம். நாட்டுக்கு ஒன்று. ஒரு காலத்தில் ஒரு பிஸ்கட் கம்பெனி டின்னுக்குள் போட்டுக் கொடுத்தது. கம்பெனி போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. பொம்மைகள் என் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டன.

எங்கள் வீட்டில் படுக்க ஓர் அறை. அதைத் தவிர இன்னோர் அறை. அந்த இன்னோர் அறையில் உலகம் இருக்கிறது. நாலு சுவருக்கும் கண்ணாடி அலமாரி. மெக்சிகோக்காரர் தொப்பியோடு நிற்கிறார். ஜப்பான்காரி குடையோடு நிற்கிறாள். ஸ்காட்லாந்துக்காரர் பாவாடை கட்டிக்கொண்டு நிற்கிறார், ஆனால் முகத்தில் என்ன கம்பீரம்! முழுக்கால் சட்டை போட்டும் எனக்கு அப்படி ஒரு முகம் வந்ததில்லை.

என் மனைவி எங்கே இருக்கிறாள் என்று கேட்கிறீர்களா? குளியலறைக்குப் போகிற நடைவழியில் இருக்கிறாள். அவளுக்குத் தையல் தொழில். அக்கம்பக்கத்தில் அவள் வெட்டுக்கு நல்ல பெயர். தையல் மெஷினைச் சுவரோரமாகப் போட்டு, முழங்கையை ஒடுக்கிக்கொண்டு தைப்பாள். நான் குளிக்கப் போனால் காலைத் தூக்கிப் பெடலைத் தாண்டிப் போக வேண்டும். குளித்துவிட்டு வரும்போது சொட்டச் சொட்டத் தாண்டி வர வேண்டும். ஒருநாள் அப்படித்தான் ஒரு வாடிக்கையாளரின் பட்டு ரவிக்கையில் என் தலை சொட்டியது.

அன்றைக்கு அவள் கத்தவில்லை. மெஷினை நிறுத்தினாள். அவள் மெஷினை நிறுத்தினால் எனக்கு இதயம் நிற்கும்.

"ஏங்க, ஒரு கம்பெனில இருந்து யூனிபார்ம் ஆர்டர் வந்திருக்கு."

"பேஷ்! நல்ல விஷயம்தானே?"

"துணியை விரிச்சு வெட்ட மேஜை வேணும். மேஜை போட ரூம் வேணும். இந்த மாசத்துக்குள்ள பதில் சொல்லணும்."

"நடைவழியிலயே ஒரு ஓரமா..."

"மேஜை போட்டா நீங்க குளிக்கப் போக முடியாது."

"நான் வேணா குளிக்கிறதைக் குறைச்சுக்கறேன்."

"இப்பவே குறைவாத்தான் இருக்கு. எனக்கு அந்த ரூம் வேணுங்க."

என் ரத்தம் கொதித்தது. கொதித்தால் எனக்கு வசனம் வரும். எழுந்து நின்று, ஒரு கையை மார்பில் வைத்துக்கொண்டேன். "இதோ பார். என் செட்டுல ஒரே ஒரு நாடுதான் பாக்கி. ஐஸ்லாந்து. அது கிடைச்சு செட்டு என்னிக்கு முழுசாகுதோ, அன்னிக்கே எல்லாத்தையும் பெட்டியில கட்டி கட்டிலுக்கு அடியில தள்ளிடறேன். ரூம் உனக்கு. இது சத்தியம்!"

"சத்தியமா?"

"சத்தியம்!"

நான் எதை நம்பி அப்படி முழங்கினேன் என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். ஐஸ்லாந்து கிடைக்காது. கடைசியாக வந்த பொம்மை அது. டின்கள் கடைக்குப் போவதற்குள் கம்பெனி படுத்துவிட்டது. எங்கள் குறும்பொம்மை மன்றத்தில் ஒருவரிடமும் இல்லை. ஒருவரும் கண்ணால் பார்த்ததும் இல்லை. கம்பெனி அந்தக் காலத்தில் அச்சடித்த படப்புத்தகத்தில் ஒரு சின்னப் படம் இருக்கிறது, அவ்வளவுதான். அதாவது, என் அறை பத்திரம். என் சத்தியமும் பத்திரம். இரண்டையும் ஒரே பூட்டில் பூட்டிவிட்ட சந்தோஷத்தில் அன்று நான் சீட்டியடித்துக்கொண்டே பெடலைத் தாண்டினேன்.

அந்தச் சந்தோஷத்துக்கு வேட்டு வைத்தவர் பழசு.

பழசு என்பது பழைய சாமான் கடைக்காரரின் பட்டப்பெயர். மனிதருக்கு என் வயதுதான், சரக்குதான் பழசு. நான் பல் செட் செய்கிற லேபிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் அவர் கடை. ஒரு சாயங்காலம் கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"சார், உங்களுக்குன்னு ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்."

செய்தித்தாளைப் பிரித்தார். கறுப்புப் பாவாடை. கறுப்புச் சட்டை. தலையில் வெள்ளைக் குல்லாய். படப்புத்தகத்தில் பார்த்துப் பார்த்து நான் உருகிய அதே முகவெட்டு. தட்டைப் பிடித்துத் தூக்கி அடியில் பார்த்தேன். ஐஸ்லாந்து.

தட்டைப் பிடித்து என்று சொன்னேன் அல்லவா, அது மன்றத்தின் முதல் விதி. பொம்மையின் துணியில் விரல் படவே கூடாது. கை ஈரம் பட்டால் பழைய துணி இற்றுவிடும். உடுப்பைத் தூக்கிப் பார்ப்பது, தட்டிவிடுவது, தடவுவது எல்லாம் எங்களிடையே மகா பாவம். நல்ல குடும்பத்துப் பெண்ணைப் பார்ப்பதுபோல் தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

தள்ளி நின்று பார்த்தேன். மனசு இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி, எடுடா என்றது. மற்றப் பாதி, எடுத்தால் ரூம் போச்சுடா என்றது.

"வேணாமா சார்?" என்றார் பழசு.

"வேண்டாம்னு சொல்லல..."

"வேணாம்னா விடுங்க. மன்றத்துச் செயலாளர் கேட்டுக்கிட்டே இருக்கார். அவருக்கு..."

"கட்டுங்க!" என்று அலறினேன்.

விலையைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் என் மனைவி பக்கம் சேர்ந்துவிடுவீர்கள்.

வாங்கியாயிற்று. இனி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், ஆனால் வீட்டுக்குத் தெரியக் கூடாது. சட்டைப்பையில் வைத்தால் புடைக்கும். கைப்பையை அவள் திறப்பாள். கடைசியில் காலி டிபன் கேரியரின் மேல் அடுக்கில், கைக்குட்டையைச் சுற்றி ஐஸ்லாந்துக்காரியைப் படுக்க வைத்தேன். மறுநாள் லேபுக்குக் கொண்டுபோய் ஒளித்துவிடலாம். ஓர் இரவு தாண்டினால் போதும்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தது.

"என்னங்க இன்னிக்கு லேட்டு?"

"ஒரு கிழவருக்கு மேல் செட்டு. கடிப்பு சரியா உக்காரல."

"பழசு கடைப் பக்கம் போனீங்களா?"

"போகல! எதுக்குப் போறேன்? நான் எதுக்கு அங்க போகணும்?"

"ஒரு தடவை சொன்னா போதாதா? சரி, கேரியரைக் குடுங்க, கழுவணும்."

நான் கேரியரை மார்போடு அணைத்துக்கொண்டேன். "நானே கழுவறேன்."

அவள் மெஷினை நிறுத்தினாள். "நீங்களா?"

"ஏன், நான் கழுவக் கூடாதா? நாளெல்லாம் நீ உக்காந்து தெச்சு முதுகு ஒடியற. நான் ஒரு கேரியர் கழுவினா குறைஞ்சா போயிடுவேன்?"

"அட!" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்த மாதிரி இருந்தது. "அப்ப அங்க கிடக்கிற எல்லாத்தையும் சேர்த்துக் கழுவிடுங்க."

அங்கே ஒரு மலை கிடந்தது. கரிபிடித்த வாணலி உட்பட. நான் கழுவினேன். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டே பார்த்தாள். வாணலியைக் கழுவி, குடத்தைக் கழுவி, கேரியரின் கீழ் அடுக்கைக் கழுவி, நடு அடுக்கைக் கழுவியாயிற்று. மேல் அடுக்கு மட்டும் மூடியபடி நிற்கிறது.

"அதை ஏன் விட்டுட்டீங்க?"

"அது... அது இன்னிக்குச் சுத்தமாத்தான் இருக்கு. அதுல ஒண்ணும் சாப்பிடல."

"நான்தானே போட்டுக் குடுத்தேன்? அதுல வெச்சது என்ன ஆச்சு?"

"எங்க பல் டாக்டருக்குக் குடுத்துட்டேன். அப்படியே கழுவியும் குடுத்துட்டார்."

"டாக்டரா? கழுவியா?"

"தங்கமான மனுஷன்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதன் அர்த்தம் அன்று எனக்கு விளங்கவில்லை. ஊசியில் நூல் தீர்ந்துவிட்டது என்று எழுந்து போனாள். நான் பாய்ந்து மேல் அடுக்கை அலமாரி உச்சியில் வைத்தேன். மறுநாள் காலை, "பாத்திரம் நல்லாப் பளபளன்னு இருக்குங்க. உங்களுக்குக் கை ராசி" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து பாத்திரம் என் துறை.

லேபில் ஐஸ்லாந்துக்காரிக்கு நல்ல இடம் கிடைத்தது. என் மேஜையின் கீழ் இழுப்பறையில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்த தாடை அச்சுகள் இருக்கும். யாரும் திறக்க மாட்டார்கள். ஒரு மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் நடுவில் அவளை நிறுத்தினேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் இழுப்பறையைத் திறந்து பார்ப்பேன். வாய்க்குள்ளிருந்து அவள் என்னைப் பார்ப்பாள். இத்தனை நாள் தேடியவள் கிடைத்தும், தன் கூட்டத்தோடு நிறுத்திப் பார்க்க முடியவில்லையே! அலமாரியில் அவளுக்கான இடம் காலியாகவே இருந்தது. அந்த வெற்றிடத்தைக் காட்டித்தான் தினமும் அறையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

"இன்னும் கிடைக்கலையாங்க?"

"எங்க கிடைக்குது? சான்சே இல்ல."

"பாவம் நீங்க" என்பாள், பெருமூச்சு விட்டு. எனக்கே என்மேல் கொஞ்சம் அருவருப்பாக இருக்கும். அவள் குனிந்து தைக்கும்போது முழங்கை சுவரில் இடிக்கிற சத்தம் கேட்கும். ஆனாலும் நான் அசையவில்லை. சேர்க்கிற பைத்தியம் அப்படிப்பட்டது.

லேபுக்கு ஒருநாள் போன் வந்தது. மன்றத்துச் செயலாளர். ஓய்வுபெற்ற நில அளவையாளர், எதையும் அளந்து பேசுகிறவர். அன்று அளவு மீறியிருந்தார்.

"பழசு சொன்னான்! உங்ககிட்ட இருக்காமே! நிஜமா?"

"சார், கொஞ்சம் மெதுவா..."

"மெதுவாவா? முதல் முழு செட்டு சார் இது! மன்றத்து வரலாற்றுலயே முதல் தடவை. நான் நேர்ல வந்து பார்த்துச் சான்றிதழ் தர்றேன். மன்றத்து ஆண்டு மலர்ல உங்க போட்டோ. ஆண்டு விழாவில மாலை."

மாலை என்றதும் என் கழுத்து தானாக நீண்டது. பல் செட் செய்கிறவனுக்கு இந்த உலகத்தில் யார் மாலை போடுகிறார்கள்? நான் செய்த பல்லைக் காட்டிச் சிரிக்கிறவர்கள்கூட என் பெயரைச் சொல்வதில்லை, அது அவர்கள் சொந்தப் பல்லாம். இருந்தாலும் வீட்டை நினைத்தேன். வீட்டுக்குச் செயலாளர் வந்தால் குட்டு உடையும்.

"இப்ப வேண்டாம் சார். சமயம் பார்த்துச் சொல்றேன்."

சமயத்தை என் மனைவியே கொண்டுவந்து கையில் கொடுத்தாள். "ஏங்க, ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வரேன். சாயங்காலம்தான் வருவேன். தனியா இருந்துப்பீங்களா?"

"கஷ்டம்தான்" என்றேன், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. உள்ளே ஒரே கும்மாளம். காலையில் அவள் போனதும் செயலாளர் வருவார். பார்ப்பார். சான்றிதழ் தருவார். போவார். ஐஸ்லாந்துக்காரி மறுபடி தாடைக்குள் போய்விடுவாள். மலர் வந்தால் அதை லேபிலேயே வைத்துப் படித்துக்கொள்ளலாம். மாலையை வழியில் ஏதாவது சிலைக்குப் போட்டுவிட்டு வரலாம். எல்லாம் கச்சிதம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்த்தேன். முந்தின நாளே லேபிலிருந்து கொண்டுவந்து மறைத்திருந்த ஐஸ்லாந்துக்காரியை உடனே அலமாரியில் அவளுக்கான இடத்தில் நிறுத்தினேன். ஓர் உலகம் முழுமையாக என் முன்னால் நின்றது. நான் அழுதுவிட்டேன், சொன்னால் சிரிப்பீர்கள்.

செயலாளர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். ஒரு கையில் பூதக்கண்ணாடி, ஒரு கையில் படப்புத்தகம். அறைக்குள் வந்ததும் மூச்சு விடுவதையே நிறுத்திவிட்டார். ஒவ்வொரு அலமாரியாகப் பார்த்துக்கொண்டு வந்து ஐஸ்லாந்தின் முன்னால் நின்றார். தட்டைப் பிடித்துத் தூக்கினார். படத்தைப் பார்த்தார். பொம்மையைப் பார்த்தார். மறுபடி படம். மறுபடி பொம்மை. புருவம் ஏறியது.

"சார், ஏதாவது..."

"உஷ்."

குல்லாயைப் பார்த்தார். இடுப்பைப் பார்த்தார். வாசலில் ஏதோ வண்டிச் சத்தம் கேட்கிற மாதிரி வேறு இருந்தது. சீக்கிரம் முடியும் ஐயா என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் மெல்லத் தட்டைத் திருப்பினார்.

"ஐயோ!" என்று கத்தினார்.

செத்தேன் என்று நினைத்தேன். "என்ன சார்?"

"முதுகு!"

"முதுகுக்கு என்ன?"

"முதுகு சார், முதுகு! படப்புத்தகத்துல எல்லாப் பொம்மைக்கும் முன்பக்கம்தானே இருக்கு? இவ முதுகை இன்னிவரைக்கும் மன்றத்துல யாருமே பார்த்ததில்ல. இதைப் பாருங்க. குறுக்கும் நெடுக்குமா கயிறு. நுனியில ஒரு சிவப்பு முடிச்சு. இப்படி ஒரு முதுகு வேற எந்த நாட்டுக்கும் கிடையாது!"

அவர் கண் கலங்கியது. முதுகைப் போட்டோ எடுத்தார். பக்கத்தில் என்னை நிறுத்தி எடுத்தார். படப்புத்தகத்தின்மேல் வைத்துச் சான்றிதழில் 'முழுத் தொகுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு என் கையில் கொடுத்தார். நான் அதை வாங்கவும் வாசல் கதவு திறக்கவும் சரியாக இருந்தது.

என் மனைவி. அவளுக்குப் பின்னால் தச்சர். தச்சருக்குப் பின்னால், தள்ளுவண்டியில், வழவழவென்று இழைத்த ஒரு பெரிய மேஜை.

"அண்ணன் ஊர்ல இல்லீங்க" என்றாள். "வர்ற வழியில தச்சரைப் பார்த்தேன். சும்மா ஒரு அளவு பார்த்துட்டுப் போகட்டும்னு கூட்டிட்டு வந்தேன்."

அளவு பார்க்க வருகிறவர் செய்து முடித்த மேஜையோடா வருவார் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் செயலாளர் கைகூப்பிவிட்டார்.

"அம்மா, வாழ்த்துகள்! உங்க வீட்டுக்காரர் சாதிச்சுட்டார். செட்டு முழுசாயிடுச்சு!"

"சார்!" என்றேன்.

"முழுசாயிடுச்சா?" என் மனைவியின் கண்கள் விரிந்தன. "நிஜமாவா சார்? அப்ப ஐஸ்லாந்து?"

"இதோ நிக்கிறாளே!"

"இவர் என்கிட்டச் சொல்லவே இல்லையே. சந்தோஷத்துல வாயடைச்சுப் போயிருப்பார். இது முழுசுதான்னு நீங்க உறுதியாச் சொல்றீங்களா சார்?"

"நான் என்ன, மன்றமே சொல்லுது. எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் கையில குடுத்திருக்கேன் பாருங்க."

சான்றிதழை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தேன். தச்சர் எட்டிப் பார்த்து, "நல்ல கையெழுத்து" என்றார்.

செயலாளர் போனார். மேஜை வந்தது. தச்சர் தெருமுனைத் தேநீர்க் கடைக்குப் போனார், அறை காலியானதும் வந்து மேஜைக்குக் காலைப் பூட்டித் தருவதாகச் சொல்லிவிட்டு. என் மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரு வெற்றுப் பெட்டியையும் பஞ்சு உருண்டையையும் என்னிடம் நீட்டினாள். "சத்தியம் பண்ணினவங்க நீங்க. நான் ஒண்ணும் சொல்லல" என்றாள். மெஷினை நடைவழியிலிருந்து இழுத்து அறையின் ஜன்னலோரம் போட்டுக்கொண்டு நூல் கோத்தாள்.

நான் உலகத்தைப் பெட்டியில் கட்ட ஆரம்பித்தேன். மெக்சிகோக்காரரைப் படுக்க வைத்தேன். ஜப்பான்காரியைப் படுக்க வைத்தேன். ஒவ்வொருவரையும் பஞ்சில் பொதிந்தேன். கடைசியில் ஐஸ்லாந்துக்காரி. பெட்டியில் வைக்கும்போது அவள் சட்டைக் கை பெட்டி விளிம்பில் மாட்டி, மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிட்டது.

மணிக்கட்டில் ரோஸ் நிறம்.

மரப் பொம்மைக்கு ஏது ரோஸ் நிறம்? கண்ணருகே கொண்டுபோனேன். அது எனக்கு நன்றாகத் தெரிந்த ரோஸ். பல் செட்டில் ஈறுக்கு வைக்கிற ரோஸ். உலகத்தில் எந்த பிஸ்கட் கம்பெனியும் பொம்மைக்கு ஈறு வைத்து அனுப்பாது. அந்த ஒட்டும் என் ஒட்டு, ஓரத்தை நான் இழைக்கிற விதம் எனக்குத் தெரியாதா? என்னிடம் டென்மார்க் இரண்டு இருந்தது. உபரி டென்மார்க்கின் கை ஒடிந்தபோது லேபில் ஈறுக் கலவையால் ஒட்டிப் பார்த்தேன். அசிங்கமாக இருந்ததால் வீட்டுக்குக் கொண்டுவந்து குப்பையில் போட்டேன். நகத்தால் அடிக்காகிதத்தைச் சுரண்டினேன். ஐஸ்லாந்து உரிந்தது. அடியில் டென்மார்க்.

"போலி!" என்று கூவினேன். "போலி! இது ஐஸ்லாந்தே இல்ல! நான் தூக்கிப் போட்ட டென்மார்க்!"

"ஆமா" என்றாள் மனைவி, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு.

"ஆமாவா?"

"குப்பையில இருந்து நான்தான் எடுத்தேன். படத்தைப் பார்த்துத் தெச்சேன். பாவாடை உங்க பழைய கோட்டோட உள்துணி."

"தலைமுடி?"

"அது பிரஷ்ஷுல இருந்து. உங்க தலையில இருந்து எடுக்கலாம்னு பார்த்தேன், பத்தாதுன்னு விட்டுட்டேன்."

"பழசு?"

"அவருக்கு ரெண்டு சட்டை தெச்சுக் குடுத்தேன், செயலாளர் காதுலயும் போடச் சொன்னேன். நீங்க குடுத்த பணத்தை அப்படியே கொண்டுவந்து குடுத்துட்டார். யோக்கியமான ஆள். அதுலதான் மேஜை."

என் பணத்தில், என் கோட்டில், என் ஒட்டில் என்னையே மடக்கியிருக்கிறாள். கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. ஏனென்றால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று எனக்குப் பளிச்சென்று பட்டுவிட்டது. டென்மார்க்கைப் பெட்டியில் போட்டேன். கையை மார்பில் வைத்தேன்.

"அப்படின்னா, செட்டு முழுசாகல! ஐஸ்லாந்து இன்னும் கிடைக்கல! சத்தியம் சத்தியமாவே இருக்கு. ரூம் என்னுது!"

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நான் ஜெயித்துவிட்டேன். அவள் முகம் வாடும் என்று பார்த்தேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நல்ல விதமா எத்தனை தடவை கேட்டேன். சண்டை போட்டேன். ஒருநாள் அழுதும் பார்த்தேன், நீங்க கவனிக்கல, ஜப்பான் குடைக்காரியோட அலமாரிக் கண்ணாடியைத் துடைச்சிட்டிருந்தீங்க. அந்த ஆர்டர் போயிடுமோன்னு எனக்கு அவ்வளவு பயமா இருந்துச்சுங்க. எனக்குத் தெரிஞ்சது தையல் ஒண்ணுதான். அதை வெச்சு வழி பண்ணிக்கிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஜெயித்தவன் இறங்கலாமா? "அதெல்லாம் சரி. ரூம்?"

"உங்களுதுதான். தச்சர் தெருமுனைலதான் இருக்கார். கூப்பிடுங்க, மேஜையைத் திரும்ப எடுத்துட்டுப் போகட்டும். அப்படியே செயலாளருக்கும் ஒரு போன் போட்டு, அது போலின்னு சொல்லிடுங்க."

போன் பக்கம் நடந்தேன். பாதியில் நின்றேன்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. எடுத்தேன். செயலாளர்தான். மூச்சு வாங்கினார்.

"தூக்கமே வராது போலிருக்கு சார்! மலருக்குக் கட்டுரை எழுத ஆரம்பிச்சுட்டேன். முதல் பக்கம். தலைப்பு, 'நாம் காணாத முதுகு'. வெளியூர் மன்றங்களுக்கெல்லாம் சேதி சொல்லியாச்சு. எல்லாரும் ஆடிப் போயிட்டாங்க. நான் முப்பது வருஷமா காத்திருந்தது இதுக்குத்தான். ஒரே ஒரு சந்தேகம். அந்தக் கயிறு எதுக்கா இருக்கும்? உங்களுக்கு ஏதாவது தோணுதா?"

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியிடம் கேட்டேன். "பின்னாடி கயிறு எதுக்குப் போட்ட?"

"கோட்டுத் துணி பத்தல. ரெண்டு பக்கமும் சேரல. இழுத்துக் கட்டினேன்."

கையை எடுத்தேன். "அது... குளிர் நாடு சார். காத்து உள்ள போகாம இருக்கத்தான்."

"பிரமாதம்! இது எனக்குத் தோணவே இல்லை பாருங்க!" பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் எனக்கே கேட்டது. "இன்னும் ஒண்ணே ஒண்ணு. கட்டுரையை உங்க வார்த்தையோட முடிக்கணும்னு ஆசை. செட்டு முழுசாயிடுச்சுன்னு நீங்க உங்க வாயால ஒரு தடவை சொல்லுங்க. அப்படியே போட்டுடறேன்."

பெட்டியில் டென்மார்க் ஒற்றைக் கையைத் தூக்கியபடி கிடந்தாள். புது மேஜை காலில்லாமல் சுவரில் சாய்ந்து நின்றது. மனைவி மெஷின் சக்கரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். சிரிக்கவில்லை. அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"சார்? இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்" என்றேன். "முழுசாயிடுச்சு சார்."

பின்னால் மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சார்" என்றார் செயலாளர். "உங்க ரூம்ல ஏதோ மெஷின் ஓடுது."